தூக்கினவங்கள்

சோம்ட்சு சாலை நீதிமன்றம், பதினோராம் அறை.
குளிரூட்டி சொட்டுகிறது. கீழே யாரோ
காலி ஐஸ்கிரீம் டப்பா வைத்திருக்கிறார்கள்.
கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று
இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இங்கேதான் கை உயர்த்தினேன்.
என் தமிழ் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் கற்றது,
இரண்டு மணி நேரம், பிறகு சமோசா.

திங்களன்று வான் ஹேர்டன்.
எனக்கு அதில் வேலையில்லை. அவர் வாய்க்கு
நீதிமன்றத்தின் மொழி பிறவியிலேயே வாய்த்திருந்தது.
ஏதோ குளிர்நாட்டு முதியவர்களின் ஓய்வூதியம் காணாமல் போனதாம்,
அந்த நாடு ஆளைக் கேட்டு எழுதியிருந்தது.
நெஞ்சு இறுக்குகிறது என்றார் அவர்.
மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.
இறுக்குகிறது என்றால் எப்படி, ஐயா?
பெல்ட் போட்டது போலவா?
இரவிலா, படி ஏறும்போதா?
மருந்து எடுத்தால் விடுகிறதா?
நான்கு கேள்வி. நான் எண்ணினேன்.
அடுத்த வழக்குக்குக் காத்திருப்பவளுக்கு
எண்ணுவதைத் தவிர என்ன வேலை.

புதனன்று அலோசியஸ் குரூஸ்.
மன்னார்க் கடலோரம். படகில் ஆள் ஏற்றினான் என்று
அவன் நாடு திருப்பிக் கேட்டது.
சத்தியம் செய்ய இடது கையை உயர்த்தினான்.
தப்பான கை என்று காவலர் திருத்தினார்.
வலது கை மார்புவரை வந்து நின்றது.
பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் தமிழ் என் தமிழுக்குப் பங்காளி முறை,
முகம் தெரியும், பேச்சு பாதிதான் பிடிபடும்.
"ரெண்டாந்தரம் என்னைத் தூக்கினவங்கள்" என்றான்.
சென்னைப் படங்களில் போலீஸ்தான் தூக்கும்.
"அவனைத் தூக்குடா" என்பார்கள், ஜீப் கிளம்பும்.
கைது செய்தார்கள், என்றேன் நான்.
பேனா நிற்காமல் எழுதியது.
எப்படி என்று யாரும் கேட்கவில்லை.
நானும்.

ஒரே மாதத்தில் இரண்டு கடிதம், ஒரே அமைச்சின் முத்திரை.
வான் ஹேர்டனுக்கு ஒன்பது பக்கம்:
மூன்று மருத்துவர், மகளின் பள்ளி,
அவரில்லாமல் சாப்பிடாத ஒரு லாப்ரடாரின் வயது.
அனுப்புவது மனிதத்தன்மை ஆகாது.
குரூஸுக்குப் பதினொரு வரி.
கண்ணியமாக நடத்துவோம் என்று
அந்த நாடு எழுதிக் கொடுத்திருக்கிறது, அது நாலாவது வரி.
ஏழாவது: கைதானதைத் தவிர
வேறெந்தத் துன்பமும் அவர் கூறவில்லை.

வெஸ்ட்வில் சிறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
அதை அவனுக்குத் தமிழில் வாசித்தேன்.
ஏழாவது வரியில் நிறுத்தினான்.
"அக்கா, தூக்கினதெண்டால்…"
எழுந்தான். மணிக்கட்டு இரண்டையும்
முதுகுக்குப் பின்னால் சேர்த்தான்.
பார்வையை மட்டும் மேலே கொண்டுபோய்
விளக்கு மாட்டிய கொக்கியில் வைத்தான்.
பிறகு உட்கார்ந்து, மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னான்.

பிழை என்னுடையது என்று எழுதுவது சுலபம்.
அமைச்சுக்கும் சுலபம்: ஒரு படையாச்சி, ஒரு சொல்,
கோப்பை மூடிவிடலாம்.
ஆனால் திங்கட்கிழமையின் நான்கு கேள்வியில்
ஒன்றை, ஒன்றே ஒன்றை
புதன்கிழமைக்கு மிச்சம் வைத்திருந்தால்
என் அரைகுறைத் தமிழே போதுமாயிருந்திருக்கும்.

பிரமாணப் பத்திரம் மூன்று பக்கம் வந்தது.
முதல் பக்கம் என் தவறு.
மற்ற இரண்டில் நெஞ்சு இறுக்கம், பெல்ட்,
படி, மருந்து, தேதி, மணி.
கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்தார்.
"கெடு பதினைந்து நாள், மிஸ் படையாச்சி.
இன்று பதினேழு."
தாளை என் பக்கம் தள்ளினார்.
நான் அவர் பக்கம் தள்ளினேன்.
இப்போது அது நடுவில் கிடக்கிறது,
மின்விசிறிக்கு ஓரம் துடித்துக்கொண்டு.
நான்கு மணிக்கு அடைப்பார்கள்.
இப்போது மூன்றேகால்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.